ஆங்கிலப் பாடத்துக்கும் ஒரு செய்முறைத் தேர்வு வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், பள்ளிக் கல்வி இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்குநர் ஆகியோருக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஆங்கிலப் பாடத்திட்டத்தை வகுக்கும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். பொதுத்தேர்வில் என் மாணவர்கள் பெற்ற ஆங்கில மதிப்பெண்ணுக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. அப்படி மதிப்பெண் பெற்றவர்களில் பலர், சில ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வரும்போது, நேர்காணலில் தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள் என்றும், தமக்கு வாயே வரவில்லை என்றும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தன் சொந்தக் கருத்தை, தன் சொந்தச் சொற்களில், ஆங்கிலத்தில் எத்தனை நிமிடம் பேசியிருப்பார் என்று ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானோருக்கு அது ஒரு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கணக்குதான்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வும் 25 மதிப்பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வும் இருக்கின்றன. அதுபோல ஆங்கிலத்திலும் 80 மதிப்பெண்ணை எழுத்துக்கு வைத்து, 20 மதிப்பெண்ணைப் பேச்சுச் செய்முறைக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தாம் தேர்ந்துகொண்ட ஒரு பொருளைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கான பயிற்சிக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே வாரத்தில் ஒரு பாடவேளையைக் காலஅட்டவணையில் தனியே குறித்துத் தர வேண்டும்.

இன்றைய நிலையில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் தாளில் எழுதுவதற்கே உரியது. மனப்பாடப் பாடலைப் பிழையின்றி எழுதினால் அதில் 5 மதிப்பெண் உண்டு. வாய் திறந்து பேசுவதற்கு ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 90 மதிப்பெண் எழுத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்தும் வருகைப்பதிவு, உள்தேர்வு, ஒப்படைவு, இணைச் செயல்பாடு என்று பங்கிடப்பட்டுவிடுகிறது. பாடநூலை நான் குறை சொல்ல மாட்டேன். 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில் கேட்டல் பயிற்சியும் பேசுதல் பயிற்சியும் இடம்பெற்றுள்ளன. கியூஆர் கோடு வழியாகக் காணொளிகளும் கிடைக்கின்றன. ஆனால் திருப்புதல் தேர்வுகள் நெருங்கும்போது, தேர்வில் வராத பக்கங்களை நாங்கள் புரட்டிவிட்டுப் போகிறோம் என்பது எல்லா ஆங்கில ஆசிரியருக்கும் தெரியும். மாணவர்களும் அதைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்; எதற்கு மதிப்பெண் இல்லையோ அது முக்கியமில்லை என்ற பாடத்தை அவர்கள் எங்களிடமிருந்தே கற்கிறார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அகமதிப்பீட்டில் இடம் இருக்கிறது. அது போதுமானதா என்பது வேறு கேள்வி. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

பேச்சுக்கு நம் பள்ளிகளில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டம் இருக்கிறது, இலக்கிய மன்றம் இருக்கிறது, கலைத்திருவிழாவில் பேச்சுப் போட்டி இருக்கிறது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். இவற்றால் மேடை கண்ட பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே பேசத் தெரிந்தவரைத் தேடி எடுப்பது. வகுப்பு என்பது பேசத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பது. வழிபாட்டுக் கூட்டத்தில் ஆங்கிலச் செய்தி வாசிப்பதற்கு ஆண்டு முழுவதும் அதே நான்கைந்து பேர்தான் வருகிறார்கள். மற்ற முப்பத்தைந்து பேரும் வரிசையில் நின்று கேட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் முறையிலும் நான் ஒரு பெரிய தவற்றைச் செய்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை நெகிழி ஒழிப்பு பற்றிய ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். உரையை நானே எழுதிக் கொடுத்தேன். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாரம் மனப்பாடம் செய்தான். மேடையில் மூன்றாம் பத்தியில் ஒரு சொல் அவனுக்கு வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். சரியாக அதே இடத்தில் வந்து நின்றான். சற்றுநேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தான். திரும்பும் பேருந்தில், தன் வீட்டுப் பின்புறம் ஓடும் வாய்க்காலில் நெகிழிப் பைகள் மதகை அடைத்துக்கொண்டதையும், அவனுடைய மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவற்றைக் கையால் அள்ளி எடுத்ததையும், அன்று ஒரு பைக்குள் பாம்புக்குட்டி இருந்ததையும் தமிழில் என்னிடம் அரைமணி நேரம் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் பேசியிருக்க வேண்டிய உரை அதுதான். அதை அவனிடம் நான் கேட்டதே இல்லை. அந்தப் பிள்ளையை மேடையில் தனியே நிற்க வைத்தது அவனுடைய மறதி அன்று, நான் எழுதிய உரை. சங்கிலியாகக் கோத்து மனப்பாடம் செய்த உரையில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடிக்க வழியே கிடையாது. சொல்ல வேண்டிய செய்தி தனக்குச் சொந்தமாக இருந்தால், ஒரு சொல் போனாலும் வேறொரு சொல் வந்து உதவும்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் உரை எழுதிக் கொடுப்பதில்லை. உள்ளங்கையளவு அட்டை ஒன்றைக் கொடுத்து, அதில் ஐந்தே ஐந்து சொற்களை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். என்ன சொல்லப் போகிறோம் என்பதை முதலில் தமிழிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பேச வேண்டுமென்றால் ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று ஆசிரியர்களான நாங்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். முதல் தலைமுறையாக அந்த மொழியைத் தொடும் பிள்ளைக்கு அது நடக்காத காரியம் என்பது என் அனுபவம். எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எதை விடுவது என்பவற்றை அவர்கள் தமிழில் முடித்துவிட்டு வந்தால், ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற ஒரே சுமைதான் மீதமிருக்கும். அந்தச் சுமையை அவர்களால் தூக்க முடிகிறது.

கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படித்தான் பேசினாள். வகுப்பில் எப்போதும் சுவரோரம் உட்காருபவள். தண்ணீர் பற்றிப் பேசப் போகிறேன் என்றாள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தாலும் தங்கள் வயலுக்கு நீர் வந்து சேர நாளாகும் என்பதையும், அதுவரை நாற்றங்காலை அவளுடைய அம்மா குடத்தில் நீர் சுமந்து காப்பாற்றுவதையும் சொல்ல வந்தாள். ‘வாட்டர் கம் லேட்’ என்றாள். ‘மை மதர் கேரி வாட்டர்’ என்றாள். அதற்குமேல் நின்றுவிட்டாள். பழைய நானாக இருந்திருந்தால் அங்கேயே ‘கம்ஸ்’ என்று திருத்தி உட்கார வைத்திருப்பேன். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, எத்தனை குடம் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவள் உடனே நிமிர்ந்து, காலையில் முப்பது, மாலையில் முப்பது என்றாள். எவ்வளவு தூரம் என்று இன்னொருத்தி கேட்டாள். பதில் வந்தது. ஏன் மோட்டார் வைக்கவில்லை என்று கேட்டபோது, தங்கள் ஊரில் நிலத்தடி நீர் உப்பு என்பதை விளக்க அவள் ஆறேழு வாக்கியம் பேசினாள். வினைச்சொற்கள் பல தவறாகத்தான் இருந்தன. ஆனால் அவள் சொன்னது நாற்பது பேருக்கும் புரிந்தது. எனக்கும் புதிய செய்தியாக இருந்தது. திருத்தங்களை மறுநாள் எல்லோருக்கும் பொதுவாக, யார் பேசியது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதினேன்.

இந்த நிகழ்ச்சியிலிருந்துதான், செய்முறைத் தேர்வில் கேள்விப் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். மூன்று நிமிட உரை மட்டும் என்று வைத்தால், அடுத்த ஆண்டே வழிகாட்டி நூல்களில் இருபது உரைகள் அச்சாகி வந்துவிடும். பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்வார்கள். நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வியை எந்த நூலும் முன்கூட்டி அச்சிட முடியாது. மொழித் திறனை அளவிடப் பயன்படும் ஐரோப்பிய மொழிப் பொதுச் சட்டகம் 2001-இலேயே ஒருவர் தொடர்ந்து பேசுவதையும் பிறரோடு உரையாடுவதையும் இரண்டு தனித் திறன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் தேர்விலும் இந்த இரண்டும் தனித்தனியே மதிப்பிடப்பட வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதற்கே அதிக மதிப்பெண் தர வேண்டும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். சக ஆசிரியர்களும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒருவருக்கு உரையும் கேள்வியுமாக 5 நிமிடம் என்றால், ஒரு பாடவேளைக்கு எட்டுப் பேர். ஐந்து பாடவேளையில் ஒரு சுற்று முடிகிறது. ஆண்டில் முப்பது வாரம்தான் உண்மையில் கையில் கிடைக்கும் என்று வைத்தாலும், வாரம் ஒன்றாக முப்பது பாடவேளைகள் உண்டு. நான்கு சுற்றுகளுக்கு இருபது போக, பத்துப் பாடவேளைகள் பயிற்சிக்கு மிஞ்சும். அந்தப் பத்தில் நான் வகுப்பை நால்வர் நால்வராகப் பிரித்து, பத்துக் குழுக்களும் ஒரே நேரத்தில் பேசும்படி செய்கிறேன். இருபது நிமிடத்தில் நாற்பது பேரும் பேசிவிடுகிறார்கள். பெரிய கூட்டத்தின் முன் நிற்பதற்கு முன்னால், மூன்று பேர் முன்னிலையில் பேசிப் பழகுவதால் அவையச்சம் பாதி கரைந்துவிடுகிறது. அந்த வகுப்பில் சத்தம் இருக்கும். அமைதியான வகுப்பே ஒழுக்கமான வகுப்பு என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், பார்வைக்கு வரும் அலுவலர்களுக்கு இதைப் பற்றித் தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பல ஆசிரியர்களுக்குத் துணிவு வரும்.

ஒருவர் பேசும்போது மற்ற முப்பத்தொன்பது பேர் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. 1924-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. பேசுபவரைப் போலவே கேட்பவருக்கும் அங்கே பொறுப்பு உண்டு. ஒருவர் நேரம் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் காட்டுகிறார். ஒருவர் ‘ஆ’, ‘உம்’ போன்ற இழுவைகளை எண்ணுகிறார். ஒருவர் சொல்லாட்சியைக் கவனிக்கிறார். ஒருவர் உரையை மதிப்பிட்டுத் தாமும் எழுந்து பேசுகிறார். என் வகுப்பில் மூன்று வண்ண அட்டைகளை வெட்டி வைத்திருக்கிறேன். நேரம் காட்டும் பொறுப்புக்குப் பிள்ளைகளிடம் அடிபிடியே நடக்கிறது. மதிப்பிடுபவர் முதலில் தன் மனத்தில் நின்ற ஒரு வரியைச் சொல்ல வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளத்தக்க ஒன்றைச் சொல்ல வேண்டும், இரண்டுக்குமேல் சொல்லக்கூடாது. பேசியவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் முதல் விதி. அதை மட்டும் நான் கண்டிப்போடு காக்கிறேன்.

படவில்லைகளைக் காட்டிப் பேசுவது பற்றியும் சொல்ல வேண்டும். பல அரசுப் பள்ளிகளில் இன்று உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் ஸ்மார்ட் வகுப்பறையும் வந்திருப்பதால், பவர்பாயிண்ட் தயாரிப்பதைப் பிள்ளைகள் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றவுடன் அவர்கள் செய்வது, பாடநூலின் பத்தியை அப்படியே திரையில் ஏற்றி, அவையோருக்கு முதுகைக் காட்டி நின்று அதை வாசிப்பது. இதையும் அவர்கள் எங்களைப் பார்த்துத்தான் கற்றார்கள். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியில், முனைவர் பட்ட ஆய்வாளர் தம் பல்லாண்டு ஆய்வை ஒரே ஒரு படவில்லையுடன் மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஆய்வாளருக்கே ஒன்று போதுமென்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். கணினி இல்லாத பள்ளியில் ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் இதே வேலையைச் செய்யும்: ஒரு படம், மூன்று சொற்கள், மீதி வாய்மொழி.

மதிப்பீடு நேர்மையாக நடக்குமா என்ற ஐயம் தங்களுக்கு எழும், எனக்கும் உண்டு. இங்கிலாந்தில் 16 வயது மாணவர்கள் எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் இருந்தது. பள்ளிக்குப் பள்ளி அது சீராக இல்லை என்பதால், தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் அதை இறுதித் தரத்திலிருந்து நீக்க முடிவு செய்தது. இப்போது அங்கே மாணவர் உரை நிகழ்த்திக் கேள்விகளுக்கு விடையளித்தாலும், அது தனிச் சான்றாகக் குறிக்கப்படுகிறதே தவிர மொத்தத் தரத்தில் சேர்வதில்லை. அந்த முடிவு நமக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. நம் ஊரில் மதிப்பெண் இல்லாத ஒன்று வகுப்பறைக்குள் நுழையவே நுழையாது. ஆனால் அங்கே ஒரு பகுதி மாணவர்களின் உரைகளைக் காணொளியாகப் பதிந்து தேர்வு வாரியத்தின் சரிபார்ப்புக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். மேல்நிலை அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வர் வரும் முறை நமக்குப் புதிதன்று. ஆங்கிலத்துக்கும் அப்படியே ஒருவர் வரட்டும். எல்லோருக்கும் இருபதுக்கு இருபது என்று எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் ஒரே நாளில் பதிவேற்றும் நிலை வந்துவிட்டால், இந்தக் கோரிக்கையை வைத்ததற்காக நானே வருந்துவேன்.

மதிப்பீட்டாளருக்குத் தரும் வழிகாட்டுதலில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிட வேண்டுகிறேன்: உச்சரிப்பின் ஊர்வாசனைக்காக ஒரு மதிப்பெண்ணும் குறைக்கக்கூடாது. தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாத ஒலிகளில் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது இயல்பு. கேட்பவருக்குப் பொருள் மாறிவிடும் இடங்களில் மட்டுமே அதைத் திருத்துகிறேன். அதைவிட, ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும்போது முதல் அசையிலும், ‘ஃபொட்டாகிராஃபர்’ என்னும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுவது போன்றவற்றைக் கற்றுக்கொடுத்தால் பேச்சு நன்றாக விளங்குகிறது. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், அவை முன் நிற்கவே இயலாதவர்களுக்கு ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் மட்டும் பேசும் வாய்ப்பும் வேண்டும்.

இனி எங்களைப் பற்றி. ஆங்கில ஆசிரியர்களில் பலர் தாமே ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் தொடர்ந்து பேசிப் பழகாதவர்கள். இதைச் சொல்வதால் என் சகாக்கள் என்மேல் வருத்தப்படக்கூடும். ஆனால் நாங்களும் இதே எழுத்துத் தேர்வின் வழியாக வந்தவர்களே. வட்டார வள மையத்தில் நடக்கும் பணியிடைப் பயிற்சிகளில் கருத்தாளர் பேசுகிறார், நாங்கள் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பேச்சு பற்றிய பயிற்சியும் அப்படியே நடந்தால் பயனில்லை. வருகின்ற ஒவ்வோர் ஆசிரியரும் எழுந்து பேச வேண்டும், சக ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், கைகள் நடுங்குவதை உணர வேண்டும். அந்த நடுக்கத்தை உணர்ந்த ஆசிரியர் சுவரோரம் உட்காரும் பிள்ளையைத் திட்டமாட்டார்.

மேடைப் பேச்சு தமிழருக்குப் பிறவியிலேயே வந்தது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மையில் அதையும் நாம் கற்றுக்கொண்டுதான் செய்தோம். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் பணியாற்றி, கிறித்தவ மிஷனரிகளுடைய பிரசங்க முறையை அருகிருந்து கண்ட ஆறுமுக நாவலர், 1847 டிசம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களைத் தொடங்கினார். ஒருவர் கூட்டத்தின் முன் நின்று உரைநடையில் தொடர்ந்து பேசுவது அன்று நமக்குப் புதிய வடிவம். வேறொரு மரபிலிருந்து பார்த்துப் பழகிய வடிவத்தை நம்முடையதாக்கிக் கொண்டோம். என் மாணவர்கள் ஆங்கிலத்தில் செய்ய வேண்டியதும் அதைப் போன்றதுதான். அதற்குப் பழகுமிடம் என்று அவர்களுக்கு இருப்பது எங்கள் வகுப்பறை ஒன்றே.

மாநிலம் முழுவதும் ஒரே ஆண்டில் தொடங்க இயலாது என்பதை அறிவேன். அடுத்த கல்வியாண்டில் மாவட்டத்துக்குப் பத்து அரசுப் பள்ளிகளைத் தேர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் மட்டும் முன்னோட்டமாக நடத்திப் பாருங்கள். என் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். எங்கள் பள்ளியை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள அவருக்கும் சம்மதம். இந்த ஆண்டின் மூன்றாம் சுற்று உரைகள் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்குகின்றன. சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இம்முறை உப்புநீர் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லி அட்டையில் ஐந்து சொற்களை எழுதி வைத்திருக்கிறாள். தங்களில் எவரேனும் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து, கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கேட்டு, அவளிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்